குசினி அலுமாரியில் ஏழு உப்புப் பைக்கற்றுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்தால் உங்கள் பத்திரிகையிலும் நுவரெலியா வந்துவிடும். குதிரைப் பந்தயம், விக்டோரியாப் பூங்காவின் பூக்கள், கிரகறி வாவியில் படகு, வாகன நெரிசல், கண்டபடி ஏறிய அறை வாடகை, எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். அந்த வாடகை வீடுகளின் குசினிகளைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. போகும்போது நாங்கள் அங்கே விட்டுவிட்டு வருகிற அரை மூட்டை அரிசி, கால் போத்தல் எண்ணெய், திறந்த பருப்பு, இதெல்லாம் பிறகு என்னவாகிறது என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? நானும் யோசித்ததில்லை, 2,000 ரூபா போகும்வரைக்கும். கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது. இடம் இல்லையென்றால் வெட்டுங்கள், மீன் கதையை மட்டும் வெட்டாதீர்கள்.

நாங்கள் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு குடும்பமாக, பிள்ளைகளோடு பதினொரு பேர், வான் பிடித்து அவிசாவளை, ஹட்டன் வழியாகப் போய் நுவரெலியா டவுனுக்குச் சற்று வெளியே ஒரு பங்களாவில் மூன்று இரவு தங்கினோம். சமைத்துச் சாப்பிடக்கூடிய வீடு. சீசனில் பதினொரு பேருக்கு மூன்று வேளையும் கடைச் சாப்பாடு என்றால் கட்டுப்படியாகாது, அதோடு என் மாமியார் வெளியில் சாப்பிடவே மாட்டார். அதனால் அரிசி, பருப்பு, இடியப்ப மா, தேங்காய், முட்டை, பால்மா என்று ஏதோ ஒரு மாதத்துக்குக் குடிபோவதுபோலப் பெட்டி கட்டிக்கொண்டு போனோம். எங்கள் ஆட்களுக்கு அளவாக எடுத்துக்கொண்டு போகத் தெரியாது. குறைந்துவிடுமோ என்ற பயம் இரத்தத்தில் ஊறியது.

அங்கே போய்க் குசினி அலுமாரியைத் திறந்தேன். உப்புப் பைக்கற்று மட்டும் ஏழு. ஒவ்வொன்றும் 400 கிராம், ஒவ்வொன்றும் மூலை வெட்டியது, ஒன்றுக்கு றப்பர் பாண்ட், ஒன்றுக்கு உடுப்புக் காயப்போடும் கிளிப், மற்றதெல்லாம் வாய் பிளந்தபடி ஈரம் இழுத்துக் கல்லாகிப் போய். மஞ்சள்தூள் மூன்று. அடியில் ஒரு விரல் எண்ணெய் நிற்கிற போத்தல் நான்கு, நான்குமே சிக்கு மணம். பெயரில்லாத சிவப்புத் தூள் ஒன்று, அது மிளகாய்த்தூளா கறித்தூளா என்று மணந்து பார்க்கப்போன என் கணவர் பத்து நிமிடம் தும்மினார். ஒரு பைக்கற்று ரவை, அதற்குள் நடமாட்டம் இருந்தது. தேயிலை இல்லை, சீனி இல்லை, நெருப்புப்பெட்டி இல்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்றபோது மஞ்சள்தூளைத் தங்கம்போல நிறுத்துத் தந்தார்கள். 2025 மே மாதம் உப்புக்காகக் காலி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அந்த இரண்டும் இங்கே கேட்பாரற்றுக் கிடந்தன.

சரி, மற்றவர்களைச் சொல்லி என்ன. நான்காம் நாள் காலை நாங்களும் அதையேதான் செய்தோம். இரண்டு கிலோ அரிசி, முக்கால்வாசிப் பருப்பு, ஒன்பது முட்டை, நான்கு தேங்காய், பாதி வெட்டிய மாஜரின், ஒரு சொப்பிங் பை நிறைய வெங்காயமும் கிழங்கும், உடைக்காத பால்மாப் பைக்கற்று ஒன்று. வானில் இடமில்லை, பிள்ளைகள் வாங்கிய ஸ்ட்ரோபெரிச் செடிகளுக்கும் கரட் மூட்டைக்குமே இடம் போதவில்லை. “பின்னால் வாற ஆக்களுக்குப் பிரயோசனப்படும், விடக்கா” என்றாள் தங்கச்சி. நானும் எல்லாவற்றையும் மேசையில் வடிவாக அடுக்கிவைத்தேன், ஏதோ தானம் செய்த திருப்தியோடு. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் ஐயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் கொஞ்சம் காசு வைத்துவிட்டு, போய் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று இரவே உரிமையாளரிடமிருந்து தகவல். குசினியைக் குப்பையாக விட்டுவிட்டுப் போனதால் முற்பணத்தில் 2,000 ரூபா கழிக்கப்படும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சண்டை பிடிப்பதற்குச் சாட்சி வேண்டுமென்று அந்த ஐயாவுக்குப் போன் எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அம்மா, நீங்க வச்சிட்டுப் போனது யாருக்குன்னு சொல்லலயே. சொல்லாம நான் கைய வச்சா அது திருட்டாப் போயிரும். ஓனரு வந்து பாத்தாரு, எல்லாத்தையும் கட்டிக் குப்பையில போடச் சொல்லிட்டாரு. பால்மாவும் சேத்துத்தான்மா. போன வாரம் வந்தவங்க ஒரு துண்டுல எழுதி வச்சாங்க, அதக் காட்டி எடுத்துக்கிட்டேன்.”

போனை வைத்துவிட்டு நான் உரிமையாளரோடு சண்டை பிடிக்கவில்லை. மூன்று நாளும் விடிய எழும்பி எங்களுக்கு வெந்நீர் போட்டுத் தந்த மனிதர் வாசலில் நிற்கிறார், நாங்கள் அவரைத் தாண்டி, யாரென்றே தெரியாத அடுத்த கூட்டத்துக்குப் பால்மா வைக்கிறோம். அவரிடம் ஒரு வார்த்தை, “ஐயா, இது உங்களுக்கு, வேண்டாததை மட்டும் வையுங்கள்” என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கூச்சம் என்று சொல்லலாம். மிச்சத்தைக் கொடுத்தால் குறைவாக நினைத்துவிடுவாரோ என்ற யோசனை. உண்மையில் அவ்வளவு யோசிக்கவுமில்லை, வான்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

இனி மற்றப் பக்கம். அந்த உரிமையாளரை நான் முழுதாகத் திட்டமுடியாது, ஏனென்றால் இங்கே வெள்ளவத்தையில் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன். கனடாவில் இருக்கும் என் மச்சாளுக்குக் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு அறைத் தொடர்மாடி வீடு இருக்கிறது. சும்மா பூட்டி வைக்காமல் நாள் கணக்கில், கிழமைக் கணக்கில் ஆட்களுக்குக் கொடுக்கிறோம். திறப்புக் கொடுப்பது, துப்புரவாக்குவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நான். வெளிநாட்டிலிருந்து கலியாணத்துக்கு வருகிறவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் விசா நேர்முகத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வருகிறவர்கள், இவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு கூட்டமும் போன பிறகு குசினிக்குள் நுழைவது பரிசுச்சீட்டுச் சுரண்டுவது மாதிரி. என்ன கிடைக்கும் என்று சொல்லமுடியாது.

வெளிநாட்டுக்காரர்கள் விமானத்தில் நிறை கூடிவிடும் என்று கடைசி இரவில் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, கூடியதையெல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். அதில் நல்ல சாமானும் இருக்கும். ஒருமுறை வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள் ஒரு கிலோ, இன்னும் கட்டு அவிழ்க்காதது. உண்மையைச் சொல்கிறேன், அதை அடுத்தவர்களுக்கு வைக்கவில்லை, என் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். திகதி போடாத வீட்டுச் சாமானை முகம் தெரியாதவர்களுக்கு வைக்கக்கூடாது என்று அப்போது எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

மீன் கதை இதுதான். நல்ல மனிதர்கள், நான்கு பேர், ஒரு கலியாணத்துக்கு வந்து எட்டு நாள் நின்றார்கள். போகும்போது வீட்டைக் கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்துவிட்டுப் போனார்கள். பிரிட்ஜ் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது: “அடுத்து வருபவர்களுக்கு அறக்குளா மீன் ஒன்றரைக் கிலோ துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம், சந்தோஷமாகச் சமைத்துச் சாப்பிடவும்.” எவ்வளவு நல்ல மனம் பாருங்கள். அப்புறம் அந்த நல்ல மனிதர்கள், எங்களுக்குக் கரண்ட் பில் வீணாக ஏறக்கூடாது என்று, மெயின் சுவிட்ச்சையும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் காய்ச்சலில் படுத்திருந்தேன், அடுத்த முன்பதிவு பதினொரு நாளுக்குப் பிறகுதான், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. கரண்ட் நின்ற ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் விட்டால், நிறையச் சாமான் இருந்தாலும் இரண்டு நாள் தாங்கும், கீழே பிரிட்ஜ் நான்கு மணித்தியாலம். இது கொழும்பு வெயில், பதினொரு நாள்.

லிப்டில் ஏறும்போதே மணந்தது. பக்கத்து வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, பொலிசுக்குச் சொல்லலாம் என்று இருந்தோம் என்றார். கதவைத் திறந்து, பிரிட்ஜைத் திறந்து, மேற்கொண்டு எழுதினால் உங்கள் வாசகர்கள் காலைச் சாப்பாடு சாப்பிடமாட்டார்கள். தேசிக்காய், அப்பச்சோடா, வினாகிரி, கோப்பித்தூள், சிரட்டைக்கரி, எல்லாம் போட்டுப் பார்த்தேன். கதவின் றப்பர் மடிப்புக்குள் இறங்கிய தண்ணீரைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். கடைசியில் றப்பரையே மாற்ற வேண்டிவந்தது. அந்தக் கடதாசியை மட்டும் எறிய மனம் வரவில்லை. அழகான எழுத்து.

ஆகவே எழுதி வைத்தால் போதும் என்றும் சொல்லமாட்டேன். எதை வைக்கிறோம் என்று ஒரு புத்தி வேண்டும். மீன், இறைச்சி, திறந்த பால், அரைத்த சம்பல், துருவிய தேங்காய், சமைத்த எதுவும், இவற்றுக்கு அடுத்தவர் என்று ஒருவர் கிடையாது. சோறும் அப்படித்தான். சோறு கெட்டால் மணத்தில் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் ஆறவைத்து வெளியே கிடந்த சோற்றில் ஒரு கிருமி பெருகி விஷத்தைச் சுரக்கும், அந்த விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதைப் பிரிட்ஜில் மூடி வைத்துவிட்டு “பழஞ்சோறு இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. மருந்து மாத்திரையை விட்டுவிட்டுப் போவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். பாதி முடிந்த இருமல் பாணி ஒன்றை எந்தப் பிள்ளைக்கு நான் கொடுப்பது?

எங்கள் பழைய ஆட்கள் மிச்சம் என்று ஒன்றையும் எச்சில் என்று ஒன்றையும் பிரித்து வைத்திருந்தார்கள். பானையில் இருப்பது மிச்சம், பீங்கானில் இருப்பது எச்சில். பானையில் இருப்பதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், பீங்கானில் இருப்பது நாய்க்கும் காகத்துக்கும். வாடகை வீட்டுக் குசினியில் இந்தக் கோடு அழிந்துபோய்விட்டது. பாண் தூள் ஒட்டிய கத்தியை விட்டுக் கிண்டிய ஜாம் போத்தல் எச்சில்தான், அது எவ்வளவு விலைகூடிய வெளிநாட்டு ஜாமாக இருந்தாலும். வாய் வைத்துக் குடித்த சோடாப் போத்தலை மூடி இறுக்கி வைத்தால் அது அடுத்தவருக்கான சோடா ஆகிவிடாது. ஆனால் ஒரு மூலை வெட்டி, உலர்ந்த கரண்டியால் எடுத்து, காற்றுப் புகாமல் மூடி, திறந்த திகதி எழுதிய சீனி மிச்சம். அதை யாரும் எடுக்கலாம், நானே எடுப்பேன்.

இன்னொன்று, யார் வருவார்கள் என்று தெரியாது. இங்கே வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பமும் வரும், காத்தான்குடியிலிருந்து வரும் முஸ்லிம் குடும்பமும் அதே பிரிட்ஜைத் திறக்கும். ஹலால் குறி இல்லாத சொசேஜ் பைக்கற்றை வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் அவர்கள் அந்தத் தட்டில் எதையும் தொடமாட்டார்கள், தொடவும் சொல்லமுடியாது. மாசிக் கருவாட்டுத் தூளைப் பெயர் இல்லாத டப்பாவில் போட்டு மிளகாய்த்தூளோடு வைத்த ஒரு புண்ணியவான், அடுத்து வந்த ஒரு விரதக்கார அம்மாவை அன்று முழுக்கப் பட்டினி போட்டார். அரைப் போத்தல் சாராயம் விட்டுவிட்டுப் போவோர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது மட்டும் எப்படியோ அடுத்தவர்கள் வருமுன்னே முடிந்துவிடுகிறது, லிப்ட் திருத்த வந்தவர்களைத்தான் சந்தேகிக்கிறேன்.

இவ்வளவு தொல்லை என்றால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமே என்று கேட்பீர்கள். என் மச்சாள் கனடாவிலிருந்து அதைத்தான் சொல்கிறாள். நான் மாட்டேன். இந்தக் கொழும்பில் இருந்துகொண்டு சாப்பாட்டுச் சாமானைக் குப்பைக்குப் போட எனக்குக் கை வராது. 2017 ஏப்ரல் 14, வருடப் பிறப்பு அன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நாங்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த நாள் அது. அந்த மேட்டில் எங்கள் வீட்டு வாழையிலையும் இருந்திருக்கும். பிறகு 2022. பால்மாவுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, வெறும் சிலிண்டரைச் சங்கிலியில் கட்டி வீதியோரம் இரவெல்லாம் காத்திருந்தோம். அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள் விலை ஒரு வருடத்தில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே 2022இல் உலகம் முழுக்க வீணாகிப்போன சாப்பாடு 105 கோடி தொன் என்றும் அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு பிறகு கணக்குச் சொன்னது. நாங்கள் ஒரு பைக்கற்றுப் பால்மாவை மூன்று வீடு பிரித்துக்கொண்ட வருடம்.

ஆனால் நான் எறியாமல் வைப்பதற்குக் காரணம் இந்தப் பெரிய கணக்குகள் இல்லை. காலை ஐந்து மணிதான் காரணம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இரவு பஸ் வெள்ளவத்தையில் ஆட்களை இறக்கும்போது இன்னும் விடிந்திருக்காது. கிளிநொச்சியிலிருந்து ஒரு அம்மாவும் மகனும் அப்படி வந்தார்கள், அம்மாவுக்கு அன்று எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இரவு முழுக்க பஸ்ஸில் குந்தியிருந்த மனுசி, கால் வீங்கியிருக்கிறது, கடை ஒன்றும் திறக்கவில்லை. நான் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆறு மணிக்கு மகன் போன் எடுக்கிறார்: “அக்கா, குசினிக்குள்ள தேயிலை, சீனி, பால்மா எல்லாம் கிடந்தது, தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டம். அதுக்கு எவ்வளவு காசு?” முந்தின கிழமை லண்டன்காரர் ஒருவர் விட்டுப்போனது, காசு வேண்டாம் என்றேன். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: “ஆர் வச்சதெண்டு தெரியேல்லை, அவையள் நல்லா இருக்கோணும்.”

அந்த லண்டன்காரருக்கு இது தெரியாது. அவர் விட்டுப்போனது ஒரு 400 கிராம் பால்மா, அவருக்கு அது பெட்டியில் இடம் பிடிக்கிற ஒரு சாமான்.

அன்றிலிருந்து ஒரு வெற்று ஐஸ்கிறீம் பெட்டி, பெரியது, இரண்டு லீற்றர், அதில் மார்க்கர் பேனையால் “எல்லாருக்கும்” என்று எழுதி அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருக்கிறேன். தேயிலை, சீனி, சின்னப் பால்மாப் பைக்கற்று, உப்பு, நெருப்புப்பெட்டி, ஒரு மெழுகுதிரி. யாராவது நல்ல சாமான் விட்டுப்போனால் அதற்குள் போகும், இல்லாவிட்டால் நானே வாங்கிப் போடுவேன், மாதம் என்ன பெரிய செலவு. பெட்டிக்கு வெளியே இருப்பது ஒன்றும் அடுத்தவருக்கு இல்லை, நான் அள்ளிவிடுவேன் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன், தமிழிலும் சிங்களத்திலும். முதலில் ஆட்கள் பெட்டியை நிரப்பித் தள்ளினார்கள். “மூடி மூடவேண்டும்” என்று இன்னொரு வரி சேர்த்தேன். இப்போது மூடி மூடுகிற அளவுக்குத்தான் வைக்கிறார்கள். மனிசரை நம்புவதைவிட மூடியை நம்பலாம்.

நோர்வேயில் இருக்கிற என் தம்பியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரித்தான். அங்கே மலைகளில் நடந்து போகிறவர்களுக்கென்று குடிசைகள் இருக்கின்றனவாம், 1868இல் தொடங்கிய ஒரு சங்கம் நடத்துகிறது. பலவற்றில் காவலுக்கும் ஆளில்லை, சமைக்கவும் ஆளில்லை. அலுமாரி நிறைய டின் சாப்பாடும் உலர் சாப்பாடும் வைத்திருப்பார்களாம், எடுத்ததை நீங்களே எழுதிவைத்துக் காசைக் கட்ட வேண்டும், போகும்போது கோப்பை கழுவி, விறகு வெட்டி, அடுத்து வருகிறவருக்கு ஆயத்தமாக வைத்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு அந்த விறகு பிடித்திருந்தது. குளிரில் நனைந்து வருகிற ஒருவனுக்கு முதலில் என்ன தேவை என்று யோசித்து வைக்கிற சாமான் அது, எனக்கு மிஞ்சியது என்ன என்று பார்த்து வைக்கிற சாமான் இல்லை. நாங்கள் ஏழு உப்பு வைக்கிறோம், நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறோம்.

இதை வெள்ளைக்காரனிடம் படிக்க வேண்டிய நிலைமையா நமக்கு என்றும் இருக்கிறது. பருத்தித்துறையில் தெருவின் மேலேயே கூரை போட்டு, போகிற வருகிறவன் வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று தெருமூடி மடம் கட்டிய ஆட்கள் நாங்கள். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு முதுகு உரசுவதற்கு ஆவுரஞ்சிக் கல், வாயில்லாத மாட்டுக்கு எங்கே கடிக்கும் என்றுகூட யோசித்திருக்கிறார்கள். செல்வச் சந்நிதியில் இன்றைக்கும் போய்ப் பாருங்கள், அன்னதானக் கந்தன் என்றே பெயர், மடங்களில் யார் எவர் என்று கேட்காமல் இலை போடுவார்கள். அங்கே யாரும் பாதி தின்ற ஜாம் போத்தலைக் கொண்டுபோய் வைப்பதில்லை.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன், அந்த நுவரெலியாக்காரரையும் சேர்த்து. முற்பணத்தில் கழிப்பதற்கு முன்பு, சாமானை என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வைக்கலாமா கூடாதா, வைத்தால் எந்தத் தட்டில், பங்களா பார்க்கிறவர் எடுக்கலாமா. ஒரு துண்டுக் கடதாசி, ஐந்து வரி. உங்கள் வைபை பாஸ்வேர்டை மட்டும் பெரிய எழுத்தில் பிரேம் போட்டு மாட்டத் தெரிகிறதல்லவா? அதற்குக் கீழே எழுதுங்கள். வேலைக்கு இருப்பவர் எடுத்தால் திருட்டு, குப்பை லொறிக்குப் போனால் சரி என்ற கணக்கு எனக்கு விளங்கவேயில்லை. உங்கள் வீட்டைத் துப்புரவாக்குகிறவர் கையிலேயே நல்ல பால்மாவைக் கொடுத்து எறியச் சொல்கிறீர்கள்.

போய்த் தங்குகிறவர்களுக்கு நான் சொல்ல வருவதும் நீளமில்லை. கடைசி நாளுக்கு முதல்நாள் அலுமாரியைப் பார்த்து, இருப்பதை வைத்துச் சமையுங்கள். மிஞ்சிய மரக்கறி, முட்டை, தேங்காய், இவை நீண்ட நாள் தாங்காதவை, அங்கே வேலை செய்கிறவரிடம் நேரே கேட்டு, கையில் கொடுங்கள், வேண்டாம் என்றால் வானில் ஏற்றுங்கள். உடைக்காத சாமானை மட்டும் வையுங்கள். உடைத்ததென்றால் உலர்ந்த சாமானாக இருக்க வேண்டும், திகதி எழுத வேண்டும், என்ன தூள் என்று எழுத வேண்டும், என் கணவரின் மூக்கை நினைத்தாவது. உப்பு வைக்காதீர்கள், உப்பு எப்போதும் இருக்கும். நெருப்புப்பெட்டி வையுங்கள். மெயின் சுவிட்ச்சைத் தொடாதீர்கள்.

நேற்று ஒரு குடும்பம் போன பிறகு வீட்டைப் பார்க்கப் போனேன். சுன்னாகத்திலிருந்து வந்தவர்கள், சின்னப் பிள்ளை ஒன்றும் இருந்தது. ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஓலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான் ஒரு கோர்வை, ஐந்து, ஈரம் படாமல் பேப்பரில் சுற்றியிருந்தது. மேலே ஒரு பிள்ளை எழுத்து, கோணல் மாணலாக: “தேத்தண்ணியோட கடிச்சுச் சாப்பிடவும். எறும்பு வரும், கவனம்.” திகதியும் போட்டிருந்தது. நாளைக்கு வருகிறவர்கள் அதில் மூன்றுதான் இருக்கிறது, இரண்டு எங்கே என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி